ஆறிய கல்

எண்பத்து மூணு கலவரத்தில் சிலோனில் எரித்துக் கொல்லப்பட்ட எங்கள் ஆட்களுக்காக, அங்கிருந்து தப்பி வந்த நாங்கள் ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் ஒரு கல் நட்டிருக்கிறோம். தீயில் போனவர்கள் என்பதால் அங்கே யாரும் சூடம், விளக்கு ஏற்றுவதில்லை. ஆடியில் குடத்துத் தண்ணீர் ஊற்றுவோம், அவ்வளவுதான். மழை நாளிலும் கல் சுடும். தண்ணீர் பட்டதும் சுர்ரென்று ஆவி எழும். வருஷக்கணக்கில் பார்த்து எங்களுக்கு அது பழகிவிட்டது.

இந்த ஆடியில் என் மாமியார் பிச்சையம்மாள் ஊற்றிய தண்ணீர், சத்தமில்லாமல் வழிந்து மண்ணில் இறங்கியது. கல்லைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"அத்தை, ஆறிருச்சு!" என்றேன்.

மூத்த மகனை அந்தத் தீயில் கொடுத்தவர், சிரிக்கவில்லை.

"அப்ப எங்க போச்சு?" என்றார்.

வீடு திரும்ப ஏறிய சேத்தூர் பஸ்ஸில், எங்கள் ஊரில் ரெண்டு சாதிக்காரர்களுக்குள் வெட்டுக்குத்து ஆகிவிட்டது, இதுதான் கடைசி ட்ரிப் என்று கண்டக்டர் சொன்னார்.

மேகம் மூடிய சாயங்காலம். எங்கள் குடிசை வாசல்படிக் கல்லில் வெறுங்காலை வைத்த மாமியார், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

சுர்ரென்றது. பக்கத்து வாசலிலும் அதே சத்தம் கேட்டது.

உள்ளே, நைட் ஷிப்டுக்குப் போகவேண்டிய என் புருஷனும், அவர் நெஞ்சில் பிள்ளையும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.