மாட்டு மணி

திரையில் அந்த இரண்டு வீரர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பனித்தரை ஹாக்கியில் எதிரெதிர் அணிகள், ஊரறிந்த பகையாளிகள். ஆட்டம் முடிந்து இரு அணியும் வரிசையாக வந்து கை கொடுக்கும்போது, இவர்கள் கை மட்டும் பிரிவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கணவர் ட்வைட் முகத்தைச் சுளித்தார்.

"வரிசையில யாரும் அவ்வளவு நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. பின்னால வர்றவன் வந்து இடிப்பான்."

முதல் பகுதி முடிவதற்குள் இது அவருடைய பத்தாவது குறை. ஸ்கேட் ஷூவுக்குக் கயிறு கட்டினது தப்பு, மட்டையைப் பிடிச்சது தப்பு. ஹாக்கி ஆடும் இரண்டு ஆண்களின் காதல் கதை என்று கனடா முழுக்க இந்தத் தொடரைப் பற்றித்தான் பேச்சு. இவருக்குக் கயிறுதான் கண்ணில் படுகிறது.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. கயிறு மேல எதுக்குப் பழியைப் போடறே?" என்றாள்.

ட்வைட் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். கல்லுளிமங்கன். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

திரையில் கதாநாயகனின் அப்பா மகனை அதட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நோரீன் அந்தக் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகன் டேரனும் அப்படித்தான் குனிந்தபடி போனான். பத்தொன்பது வயதில், அவன் அணியின் ஹாக்கி இறுதி ஆட்டம் முடிந்த மறுவாரமே வின்னிபெக்குக்குப் போனவன், ஒன்பது வருஷமாக வீட்டுப் படி ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். நான் வரட்டுமா என்றால் இடமில்லை என்று தட்டிக்கழிப்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் வேலை இருக்கிறது என்பான்.

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஏதோ தகராறு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதற்காக ட்வைட்டைத் திட்டாத நாளில்லை. என்ன தகராறு என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த மனுஷனுக்குப் பிள்ளையின் நினைப்பாவது உண்டா? பிப்ரவரி வந்தால் பத்து நாள், ஏரிப் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிடுவார். ஒரு மீன்கூட வீடு வந்ததில்லை.

"அவனவன் முதுகு அவனவனுக்கு எங்க தெரியுது" என்று முணுமுணுத்தபடி எழுந்தாள்.

டிவிக்கு மேல் பலகையில் அவளுடைய மாட்டு மணி இருந்தது. டேரன் ஹாக்கி ஆடிய காலத்தில் அவனை உற்சாகப்படுத்த அரங்கத்தில் அவள் ஆட்டிய மணி. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த இறுதி ஆட்டத்தின் கதையைச் சொல்வாள். எதிரணி கோல் கீப்பர் ஒல்லியான பையன், பெண்பிள்ளை போல நீளமான கண்ணிமை. அவனைப் பார்த்து மணியை ஆட்டி, "பாவாடை கட்டிக்கிட்டு வாடி, என் பிள்ளைக்கே உன்னைக் கட்டி வெக்கறேன்" என்று கத்தியதும் அரங்கமே சிரித்ததாம்.

மகனுக்குப் போன் போட்டாள்.

"டேரன், அந்த ஹாக்கி நாடகம் பாத்தேன்டா. நீ எதுக்குப் போனேன்னு புரிஞ்சுபோச்சு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு அங்கேயே கிடக்காதே. அவரை நான் பாத்துக்கறேன்."



"அம்மா, அப்பா வருஷா வருஷம் பிப்ரவரியில இங்கதான் வர்றார். அவர் மீன் பிடிப்பார், லூக் பொரிப்பான்."

"லூக் யாரு?"

"நீ மணியடிச்சியே, அந்த கோல் கீப்பர்."

நோரீன் மணியைப் பார்த்தாள். "அது விளையாட்டுக்குக் கத்தினதுடா."

"தெரியும். அதை நாங்க எப்பவோ விட்டுட்டோம். அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு கை குடுக்கற வரிசையில நாங்க ரெண்டு பேரும் கையை விடாம நின்னுட்டோம். பின்னால வந்தவன் இடிச்சான். அப்பா பாத்துட்டார். 'வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லு, நான் கூட இருக்கேன்'னார். அவரோடதான் சமையலறை வாசல் வரைக்கும் வந்தேன்."

"வந்து?"

"நீ விருந்தாளிங்களுக்கு மணிக் கதை சொல்லிக்கிட்டிருந்தே. 'அந்த மாதிரி ஒண்ணு என் வயித்துல பொறந்திருந்தா, ஏரிப் பனியை உடைச்சு உள்ளே தள்ளியிருப்பேன்'னு சொல்லிச் சிரிச்சே."

நோரீனுக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. சொல்லியிருக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் வாய் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ட்வைட் கொல்லைத் தரையில் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மகன் ஸ்கேட் பழக என்று அந்தக் காலத்தில் உறைய வைத்த தரை. ஆட ஆளில்லாமல் போன பிறகும் அவர் ஒரு குளிர்காலம்கூட விட்டதில்லை.

"அப்ப ஏன்டா இந்த மனுஷன் வாயே திறக்கலை? ஒன்பது வருஷமா தினம் திட்டறேனே."

"நானே சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை கேட்டேன்மா. அவர்தான் விடலை. 'அவ என்னையே திட்டிக்கிட்டிருக்கட்டும்டா. தன்னாலதான் நீ போனேன்னு தெரிஞ்சா, அவ தாங்க மாட்டா'ன்னார்."