ஷூவுக்குள் ஒரு சாவி

ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேசையில் பாதி வரை ஏறியிருக்கிறது. கணவர் பிஸ்கட்டை மென்றபடி அவளுடைய முதல் சிறுகதையைப் படிக்கிறார். கதை எழுதும் வகுப்பில் டீச்சர் சொன்ன முதல் பாடம் இது: பாத்திரத்துக்கு ஒளித்து வைக்க ஒரு சின்னப் பொருளைக் கொடுங்கள், ஆள் தானாக உயிர் பெறுவான். அதன்படி கதையில் வரும் கணவனுக்கு ஷூவுக்குள் ஒரு சாவியைக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் பக்கத்தில் அவர் மெல்வதை நிறுத்துகிறார். மின்விசிறிக் காற்றில் படபடக்கும் தாளின் முனையைக் கட்டைவிரல் அழுத்துகிறது.

"இதை உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கதைதானேங்க, நானாக் கட்டிவிட்டது."

"சும்மா கேட்டேன்."

தண்ணீர் குடிக்கிறார். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை. பார்வை மட்டும் வாசல் பக்கம் போய், பூனை மாதிரி சத்தமில்லாமல் திரும்பி வருவதை அவள் கவனிக்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது கால் ஷூவுல சாவி இருந்தா நடக்கறப்ப உறுத்தாதா? அதை மட்டும் எடுத்துடு."

அவள் தாள்களை வாங்கி, திருத்துவதற்காக வரிவரியாக விரல் வைத்துத் தேடுகிறாள். ஷூ என்றுதான் இருக்கிறது. எந்தக் கால் என்று அவள் எழுதவே இல்லை.