வயலின் வராத பாட்டு

"ஏலே ஆல்வின், இந்த ஆளு ஸ்டுடியோ நடத்துதானா, டீக்கடை நடத்துதானா? மூணு வாரமா ஒரு பாட்ட வெளிய எடுக்க முடியலயாம்!"

படியேறும்போதே பியூலா அத்தை ஆரம்பித்துவிட்டாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது விஜயபாண்டியின் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. உள்ளே அவன் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் அத்தை அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

ஆல்வின் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே தொழில் செய்கிறவன். சுற்று வட்டாரத்தில் எந்த ஸ்டுடியோவில் சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினாலும் போன் அவனுக்குத்தான் வரும். அதில் ஐயாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அத்தை பதினெட்டு வருஷம் சர்ச் சபையில் முன்னால் நின்று பாட்டு நடத்தியவள். போன வருஷம் தைராய்டு ஆபரேஷன். அதற்குப் பிறகு பாட வாயே திறக்காதவள், சபையே கூடி விருந்து சாப்பிடும் இந்த அசனப் பண்டிகைக்கென்று தானே ஒரு பாட்டு எழுதி இங்கே வந்து பாடியிருந்தாள். வருகிற ஞாயிறு பண்டிகை. பாட்டு இன்னும் கைக்கு வரவில்லை.

"ப்ளக்இன் பிரச்சினைதான்க்கா. இங்க நல்லா வாசிக்குது. பாட்ட ஒரே ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணினா வயலின் மட்டும் காணாமப் போயிருது" என்றான் விஜயபாண்டி. வயலினுக்கு ஆள் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ப்ளக்இன்தான் வாசிக்கிறது.

"இதையே எம்புட்டு நாளு சொல்லுவீரு? ஆல்வின், பல்லவிய மட்டும் சாம்பிள் கொடுத்தாரு. என் குரல் கணீர்னு இருக்கு, வயலினத்தான் காணோம். பாடினவ ஒரே டேக்ல பாடிட்டேன். மிசின வச்சிருக்கவருக்கு மூணு வாரம்! சபை பூரா சொல்லிட்டேன், இனி ஒருத்தரும் இங்க வர மாட்டாக."

அது நிஜம்தான். இங்கே வரவேண்டிய சபையின் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை பாஸ்டரம்மா போன வாரம்தான் ஆல்வினுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்.

"ரியல் டைம்ல எக்ஸ்போர்ட் பண்ணிப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"ட்ராக்க ஃப்ரீஸ் பண்ணி?"

"அதுவும் பாத்தேன்."

பதில் வந்தது, பார்வை வேறெங்கோ இருந்தது.

"செத்த நேரம் எந்திரிங்க. நான் பாக்கேன்."

அத்தைக்குப் போன் வந்தது. "பாஸ்டரம்மாதான்" என்று வெளியே போனாள்.

ஆல்வின் எக்ஸ்போர்ட் பட்டியலைத் திறந்தான். தபேலா, கீபோர்டு, குரல் எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. வயலினுக்கு மட்டும் இல்லை. டிக் போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தான். ஒரே நிமிஷம். வயலின் ஜம்மென்று வந்துவிட்டது.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதுதான் உங்க ப்ளக்இன் பிரச்சினையா? வேணும்னே எடுத்து விட்டிருக்கீங்க. வேற வேலைய வாங்கிப் போட்டுக்கிட்டு எங்க அத்தைய அலைய விடுதீங்களோ?"

விஜயபாண்டி போய்க் கதவைச் சாத்தினான். ஹெட்போனை நீட்டினான். கடைசிச் சரணத்தில் குரலை மட்டும் தனியாக ஓடவிட்டான்.

ஆல்வின் இரண்டு வரிதான் கேட்டான். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏற முடியாமல், நடுங்கி, உடைந்து கீழே விழுந்தது அத்தையின் குரல். மேற்கொண்டு கேட்க மனசு வராமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"பாடப் பாடத்தான் தொண்ட சரியாகும்னு டாக்டரு சொல்லியிருக்காராம்" என்றான் விஜயபாண்டி, குரலைத் தாழ்த்தி. "இதக் கேட்டாகன்னா பொறவு பாடுவாகளா? மொத்தமா சுதி திருத்தினா மிசின் குரல் மாதிரி ஆயிரும், கண்டுபிடிச்சிருவாக. அதான் ஒவ்வொரு சொல்லா கையால ஏத்திக்கிட்டு இருக்கேன். கடைசிச் சரணம்தான் பாக்கி. அதுவரைக்கும் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு."

"உங்க பேருல்ல அண்ணாச்சி கெட்டுப் போச்சு?"

"ப்ளக்இன் மேலதான பழியப் போட்டேன். அதுக்கு ரோசமா வரப்போகுது?"

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

கதவைத் தட்டும் சத்தம். ஆல்வின் அவசரமாக வயலினுக்குப் போட்ட டிக்கை எடுத்துவிட்டான்.

"என்னலே, கண்டுபிடிச்சியா?" போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள் அத்தை.

"இல்ல அத்த. ப்ளக்இன் கோளாறுதான். எனக்கே பிடிபடல. ரெண்டு நாளு நானும் இவரு கூட உக்காந்து பாக்கேன். சனிக்கிழமைக்குள்ள வந்திரும்."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். போனில் சொன்னாள்:

"கேட்டீகளா பாஸ்டரம்மா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கூட்டியாந்தவனும் அதே லட்சணந்தான்! மருமகன்னு பாக்காதீக, அந்தக் கிறிஸ்துமஸ் ஆல்பத்த இவன்கிட்ட இருந்தும் வாங்கிருங்க. நான் அடுத்த பாட்டும் எழுதி வச்சிட்டேன். அத மதுரையில போய்ப் பாடிக்கிடுதேன்!"