ஹெலனாவைக் கொல்ல வந்தவர்

வெள்ளிக்கிழமைக்குள் ஹெலனாவைக் கொன்றாக வேண்டும். அதற்காகத்தான் வெங்கிடுசாமி வாத்தியார் கொல்லிமலை ஏறியிருந்தார்.

பயந்துவிட வேண்டாம். ஹெலனா, சேலத்துப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிவந்த சரித்திர மர்மத் தொடர்கதையின் நாயகி.

புருஷனை விட்டு இன்னொருவனோடு போன ராணிக்காக ஆயிரம் கப்பலில் படை கிளம்பியதாக யவனர் புராணத்தில் ஒரு கதை உண்டு. வாத்தியார் அதை அலுங்காமல் தூக்கிவந்து கொல்லிமலையில் இறக்கிவிட்டார். யவன வணிகனின் மனைவி ஹெலனா, மலைநாட்டு வீரன் ஒருவனோடு ஓடிவந்துவிட்டாள். கப்பலேறித் தேடிவந்த புருஷன் உருவிய வாளோடு அவள் குடிசை வாசலில் நிற்கிறான். போன வாரம் அங்கேதான் ‘தொடரும்’ போட்டிருந்தார்.

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சேலம் ஜில்லாவில் அணையைப் பற்றிப் பேசியவர்களைவிட ஹெலனாவைப் பற்றிப் பேசியவர்களே அதிகம் என்று வாத்தியாருக்கு ஒரு நினைப்பு.

அந்த மலையின் பைல் நாடு என்ற பகுதியில் பலகைக் கல்லை அடுக்கிக் கட்டிய பழங்காலச் சமாதிகள் உண்டு. அதில் ஒன்றுக்குள் ஹெலனாவின் எலும்பைப் போட்டுக் கதையை முடித்துவிடலாம் என்று, அளவெடுக்க வந்திருந்தார். வழிகாட்ட வந்தவன் கருப்பண்ணன், சாமையும் மிளகும் விளைவிக்கிற மலைக்காரன்.

முதல் நாளே அவன் பாதையை விட்டு விலகி ஒரு வீட்டு முன்னால் நின்றான்.

“கண்ணாயி!”

வாயும் வயிறுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். தோளில் இருந்த மூட்டையை அவிழ்த்து ஒரு பை மாவும் ஒரு குடுவைத் தேனும் அவள் கையில் கொடுத்தான்.

“யாருப்பா அது?” என்றார் வாத்தியார்.

“மாணிக்கம் பொண்டாட்டிங்க. அவன் பலா மரத்துல இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கானுங்க.”

“உனக்குச் சொந்தமா?”

“இப்ப ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தான்.

‘இப்ப’வாம்! வாத்தியார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். புருஷன் படுக்கையில். ஊரான் ஒருத்தன் மாவும் தேனுமாக வாசலில். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் புலியா வர வேண்டும்?

மறுநாள் கருப்பண்ணன் வரவே இல்லை. தேடிப்போனால், மாணிக்கத்தின் காட்டை உழுதுகொண்டிருக்கிறான். வரப்பில் உட்கார்ந்து கண்ணாயி ஏதோ சொல்ல, ஏரை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறான்.

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காதலுக்காகக் கப்பலையே கொளுத்தலாம் என்று வாராவாரம் எழுதுகிறவர்தான். ஆனால் அதெல்லாம் யவன தேசத்துக்குச் சரி. கண் முன்னால் ஒரு அப்பாவியின் குடி கெடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போவதா? நேரே மாணிக்கத்தின் வீட்டுக்குள் நுழைந்தார்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு மாணிக்கம் கட்டிலில் கிடந்தான்.

“வாங்க, வாத்தியாருங்களா? கண்ணாயி காட்டுல இருக்காளுங்க. உங்களுக்குத் தண்ணி மோந்து குடுக்கக்கூட ஆளில்லை.”

“அதைத்தானப்பா சொல்ல வந்தேன். பெத்த தகப்பன் சொல்றதா நெனச்சுக் கேட்டுக்க. ஊட்டுக்காரியக் கொஞ்சம் கண்டிச்சு வை. அந்தக் கருப்பண்ணன் போக்கே எனக்குப் பிடிக்கல.”

மாணிக்கம் திருதிருவென்று விழித்தான். பிறகு சிரித்தான். கால் வலிக்கவே பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான்.

“உங்க ஊர்ல எப்படின்னு தெரியாதுங்க. இங்க பொண்ணுக்குக் கட்டுனவனப் புடிக்கலீன்னா, ஊர்க்கூட்டத்துல சொல்லித் தீத்துக்கிட்டு வேற ஊட்டுக்குப் போயிருவாங்க. அதோட சரி.”

“அதுக்கும் இவனுக்கும் என்னப்பா?”

“கண்ணாயி எங்கூட வாரதுக்கு முந்தி அவருக்குத்தானுங்க பொண்டாட்டி. நான் விழுந்தது தெரிஞ்சதும் மொத ஆளா ஓடியாந்தவரும் அவருதான். ‘அவ பசி தாங்கமாட்டாடா மாணிக்கம், அது எனக்குத் தெரியும்’னு சொல்லித்தான் தெனமும் மாவு குடுத்துட்டுப் போறாரு.”

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. சமாதியை அளக்காமலே மலையிறங்கிவிட்டார்.

கடைசி அத்தியாயம் தவறாமல் வெளிவந்தது. ரத்தம் தெறிக்கும் என்று காத்திருந்த வாசகர்கள்தான் ஏமாந்துபோனார்கள். வாளை வாசலில் சாத்தி வைத்துவிட்டு யவனன் கேட்டான்:

“சாப்பிட்டாயா, ஹெலனா?”