கோச்சும் இருக்கட்டும்

"பச்சை... இல்ல, மஞ்சள்" என்று இழுத்தான் கோல்கீப்பர். அதுவும் தப்பு.

நினைவுப் பயிற்சி கொடுக்க வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வண்ண அட்டைகளைக் காட்டுவாள். பந்தை ஒரு சுற்று உதைத்து அனுப்பிவிட்டு, அட்டைகளின் வரிசையைச் சொல்ல வேண்டும். பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். கால்பந்துக் குழு மொத்தமும் திருதிருவென்று விழித்தது.

இத்தனைக்கும், இந்த வகுப்பு வேண்டுமென்று கிளப் செயலாளரின் உயிரை வாங்கியவர்களே இவர்கள்தான். போன ஆட்டத்தில் எதிரணியில் யார் எந்தப் பக்கம் உதைப்பான் என்று மனப்பாடமாக வைத்திருந்து பாய்ந்து பிடித்தவன் இதே கோல்கீப்பர். இங்கே வரும்போது மட்டும் மூளையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வருகிறானா? ஒவ்வொரு வாரமும் அவள் மண்டையை உடைத்துக்கொண்டு போடும் திட்டமெல்லாம் வீண்.

செயலாளர் வேறு காலையில் கூப்பிட்டுக் கடுகடுத்தார். இந்த வாரமும் முன்னேற்றம் இல்லையென்றால் வகுப்பும் கிடையாது, அவளுக்கு வேலையும் கிடையாது.

கோச்சும் குழுவோடு வட்டத்தில்தான் நின்றார். அவரும் உளறினார். உளறிவிட்டு, "என்ன தம்பி, உனக்கும் வரலியா?" என்று பக்கத்திலிருந்தவன் முதுகில் தட்டிச் சிரித்தார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்; எல்லோரும் தம்பிதான்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கோச் பக்கத்தில் நின்றால் பையன்களுக்கு மூளை எப்படி ஓடும்? பயத்தில் உளறுகிறார்கள், வேறென்ன.

வகுப்பு முடிந்ததும் கேப்டனைத் தனியாக வெளியே அழைத்தாள். இனி கோச் வர வேண்டாம், அவரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். கேப்டனின் முகம் வெளிறிவிட்டது. கோச் இல்லாவிட்டால் ஒருத்தனும் வரமாட்டான் என்று ஒரேயடியாக மறுத்தான்.

"அவர் முன்னாடி உங்க யாருக்கும் ஒண்ணும் வரலியேப்பா. எனக்கு வேலையே போகப் போகுது. விளையாடுறீங்களா?"

கேப்டன் கதவு வழியாக உள்ளே பார்த்தான். கோச் தரையில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்து, அந்த ஐந்து அட்டைகளையும் அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

"அவருக்கு மறதின்னு சொன்னா அடிக்க வருவார் மேடம். நாங்க சரியாச் சொல்லிட்டா, வெட்கப்பட்டு வராமப் போயிடுவார்" என்று குரலைத் தாழ்த்தினான். "பயிற்சியே அவருக்குத்தான்."