திரும்பி வந்த அமானிதம்

"எல்லார்ட சாமானும் போச்சு. என்டது மட்டும் திரும்பி வந்தீக்கி."

ஹப்ஸா படிக்கட்டிலேயே தொடங்கிவிட்டாள். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் மற்றக் கதவுகளும் திறந்தன.

கணவன் நிஸாமை டோஹாவுக்கு விமானம் ஏற்றிவிட்டு வந்த பக்கத்து வீட்டு ஆதிலா, கையில் லெப்டொப் பையோடு நின்றாள். டோஹாவில் இருக்கும் தன் மகன் ஷிராஸிடம் சேர்க்கச் சொல்லி, ஹப்ஸா நிஸாமிடம் கொடுத்துவிட்ட லெப்டொப் அது.

கட்டுநாயக்காவில் நடந்ததை ஆதிலா சொன்னாள். அந்த மொடலின் பெட்டரி நெருப்புப் பிடிக்கக்கூடியதாம். விற்றதையெல்லாம் கம்பெனி திருப்பிக் கேட்டிருக்கிறதாம். பெட்டரி மாற்றாமல் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது என்று கவுண்டரில் மறித்துவிட்டார்கள்.

"கம்பெனி கேட்டா கம்பெனிட்ட நான் குடுக்கிறன். என்ட மகன்ட சாமான அவங்க எதுக்கு மறிக்கிற?"

ஆதிலா பையை நீட்டினாள். ஹப்ஸா வாங்கவில்லை.

ஷிராஸின் பழைய லெப்டொப் பழுதாகிவிட்டது. வேலைக்கான பரீட்சை மறுநாள் காலை. அதை லெப்டொப்பில்தான் எழுத வேண்டும். தவறினால் விசா முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதற்காகவே ஹப்ஸா மருதானைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி இதை வாங்கியிருந்தாள்.

"நிஸாம் தன்ட லெப்டொப்ப கொண்டு போனாரா?"

"ஓம் மாமி. அது வேற மொடல்."

ஹப்ஸா மற்றக் கதவுகளைப் பார்த்தாள். "கேட்டீங்களா? அவர்ட லெப்டொப் நெருப்புப் பிடிக்காது. என்டது மட்டும் பிடிக்கும்."

தானும் நிஸாமிடம் தொதல் இனிப்புக் கொடுத்துவிட்டிருந்த மேல்வீட்டு ஜுமானா சமாதானம் சொல்லப் பார்த்தாள். ஹப்ஸா அவளையும் விடவில்லை. உன் தொதல் போய்ச் சேரும், என் பிள்ளையின் சோறுதான் போகவில்லை என்றாள். பிறகு ஆதிலா பக்கம் திரும்பினாள்.

"நம்பி ஒப்படைக்கிற அமானிதம் எண்டு செல்லித் தந்த நான். அமானிதத்த நடுவழில போட்டுட்டுப் போற மனுசன், இனி எந்த முகத்தோட பள்ளியில தொழுகைக்கு முன்வரிசையில நிக்கப் போறார்?"

ஆதிலா பையை ஹப்ஸாவின் வாசலில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க ஹப்ஸாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மகனுக்குச் சொல்லப் போனை எடுப்பாள், வைப்பாள். குசினிக்குப் போவாள், போன காரியம் மறந்து திரும்புவாள்.

அந்தி நேர மஃரிப் தொழுத கையோடு போன் அடித்தது. ஷிராஸ்.

"மகன், கோவிக்காதீங்க. அந்த நிஸாம்..."

"நிஸாம் நானா எயார்போட்டிலிருந்து நேரா என்ட ரூமுக்குத்தான் வந்தார் உம்மா. 'உங்கட உம்மாட அமானிதம்' எண்டு லெப்டொப்ப கையில தந்துட்டு இப்பதான் போறார். நல்லா வேலை செய்யுது. பாஸ்வேர்ட் மட்டும் ஏன் உம்மா, 'ஆதிலா' எண்டு போட்டீங்க?"