மூலையில் ஒரு துளை

வந்தவர் அதைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அது அவள் செய்தது.

கிரைண்டர் மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட். உள்ளங்கை அகலம், மூன்று மடிப்பு. இரண்டு மடிப்புகள் கூடும் மூலையில் பொட்டளவு துளை.

கிரைண்டர் கம்பெனி முதலில் அவளிடம் கொடுத்த படத்தில் அந்தத் துளை கிடையாது. படத்தில் உள்ளபடி மடக்கினால் மூலை கிழிந்தது. மாதக்கணக்கில் மடக்கிப் பார்த்து, கிழிந்ததையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டு, கடைசியில் துளை போட்டால் கிழியாது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். சாம்பிள் பாஸ் என்றார்கள். ஆர்டர் உங்களுக்குத்தான் என்றார்கள். அன்று தன் பட்டறை முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

ஆர்டர் வேறொரு பெரிய பட்டறைக்குப் போயிருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருந்த சுந்தரவேல் அந்தப் பட்டறையின் ஆள். அங்கே மிஷின் ஒழியவில்லையாம். மடக்கும் வேலையை மட்டும் கூலிக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. படத்தையும் விரித்துக் காட்டினார். துளை அதில் அளவோடு இருந்தது. ஓரத்தில் கம்பெனியின் பெயர். அதன் கீழே, அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம் என்று ஒரு வரி.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவர்கள் அவள் பிள்ளையையே அவளிடம் கூலிக்கு வளர்க்கச் சொல்கிறார்கள்.

முடியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

தன் மடக்கும் மிஷினைப் பார்த்தாள். ஆடியிலிருந்து அதற்கு வேலை இல்லை. ஆபரேட்டர் அய்யாசாமி தினமும் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போகிறார். இப்போது அவரும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாயைத் திறந்தார்.

அவள் தலையை லேசாக அசைத்தாள். அவர் மூடிக்கொண்டார்.

"இதே மாதிரி வரோணுங்கக்கா," என்றார் சுந்தரவேல். "துளி மாறுனாலும் திருப்பி அனுப்பிருவாங்க."

அவர் கொண்டுவந்திருந்த தகடுகளில் ஒன்றை மடக்கிக் காட்ட அய்யாசாமியிடம் சொன்னாள்.

அவர் அளவு டேப்பைத் தொடவே இல்லை. தகடு எதுவரை உள்ளே போகவேண்டுமோ அங்கே ஸ்டாப்பர்கள் பூட்டியபடியே இருந்தன. கடைசி சாம்பிளுக்குப் பிறகு அவற்றை அசைக்க அவள் யாரையும் விடவில்லை. ஆர்டர் வந்தால் உடனே தொடங்கலாம் என்று இருந்தாள்.

மூன்று அமுக்கு. பிராக்கெட் வந்துவிட்டது.

சுந்தரவேல் தன் சாம்பிளில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்துவிட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். புரட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மயிரிழை பிசகவில்லை. எடுத்த எடுப்பிலேயே இப்படி வந்து தான் பார்த்ததில்லை என்று மனதாரச் சொன்னார்.

பிறகு அவர் முகம் குழம்பியது.

"இதுல எங்க சாம்பிள் எதுங்கக்கா?"

கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளால் சொல்ல முடியும். பழையதன் ஓரத்தைக் கையால் அரம் போட்டவள் அவள்.

இப்போது மடக்கியதை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதில் அட்டையைக் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொண்டுவந்த தகடுகளை அங்கேயே விட்டு, மீதி நாளைக் காலையில் வண்டியில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தேயும்வரை அய்யாசாமி காத்திருந்தார். பழையதைத் துணியால் துடைத்தார்.

"பீரோவுல பூட்டி வெச்சர்லாங்களாம்மா?"

அவள் ஸ்டாப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க. அதையும் அவங்க லோடுலயே போட்டுருங்க. அவரு எடுத்துட்டுப் போனதுல எண்ணிக்கைல ஒண்ணு கொறையுது."

அய்யாசாமி அதைக் கொண்டுபோய் சுந்தரவேல் விட்டுப்போன தகடுகளோடு வைத்தார்.